அந்தக் காலத்து வேகம், இந்தக் காலத்து மீட்டர், நம்ம பசங்களோட முதுகு

அந்தக் காலத்து ஃபாஸ்ட் பௌலருங்க இப்ப இருக்கிறவங்களை விட வேகமா போட்டாங்களா? ஒரு வாரமா என் டைம்லைன்ல இதே சண்டைதான். "தாம்சன், ராபர்ட்ஸ் எல்லாம் ஹெல்மெட் இல்லாத காலத்துல 170-ல போட்டவங்க, இப்ப இருக்கிறதெல்லாம் ஐபிஎல் பொம்மைங்க"ன்னு ஒரு பக்கம் பெரியவங்க. "பழைய வீடியோவைப் பாருங்க அங்கிள், அதெல்லாம் 125 கூட தேறாது"ன்னு இன்னொரு பக்கம் பசங்க.

ரெண்டு பக்கமும் தப்புன்னுதான் நான் சொல்லுவேன். நான் ஆலங்காயம் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்குற சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர். கிரிக்கெட் நிபுணர் இல்ல. ஆனா ஒரு நம்பரைப் பார்த்ததும் "இதை எந்த மிஷின்ல, எப்படி அளந்தீங்க?"ன்னு கேக்குறது எங்க தொழில் புத்தி. அதோட இந்தச் சண்டை நேரா எங்க ஓ.பி.க்கே வந்து நிக்குது. அதனாலதான் இந்த நீள இழை. பொறுமையா படிங்க.

முதல்ல டிவியில காட்டுற நம்பர் என்னன்னு பார்ப்போம். அது பந்து பௌலரோட கையை விட்டுக் கிளம்புற நேரத்து வேகம். பேட்ஸ்மேன்கிட்ட வந்து சேர்ற வேகம் இல்ல. வழியில காத்து பந்தைப் பிடிச்சு இழுக்கும். பிட்ச்சுல குத்தி எழும்பும்போது இன்னும் நல்லாவே குறையும். 145-ல கிளம்புற பந்து பேட்டுக்கு வரும்போது சுமாரா 120 பக்கம்தான் இருக்கும். ஒரே பந்துக்கு ரெண்டு நம்பர், ரெண்டும் உண்மை. எந்த இடத்துல அளந்தோம்ங்கறதுதான் வித்தியாசம்.

அளக்கிறது எப்படி? ரேடார் கன் வேலை செய்யறது டாப்ளர் விளைவுல. 108 ஆம்புலன்ஸ் உங்களை நோக்கி வரும்போது சைரன் கீச்சுன்னு கேக்கும், தாண்டிப் போனதும் சத்தம் தணிஞ்சு கேக்கும் இல்லையா, அதேதான். வர்ற பொருள் மேல பட்டுத் திரும்புற அலை எவ்வளவு மாறியிருக்குன்னு பார்த்து வேகத்தைக் கணக்குப் போடும். எங்க ஊர்க்காரங்களுக்கு இதுல தனிப் பெருமை உண்டு. ஆலங்காயத்துல இருந்து ஜவ்வாது மலைப் பக்கம் ஏறினா காவலூர். அங்க வைணு பாப்பு பேரு வச்ச 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல இருந்து இருக்கு. ஒரு நட்சத்திரம் நம்மை நோக்கி வருதா, விலகிப் போகுதா, எவ்வளவு வேகம்னு அதோட ஒளியைப் பிரிச்சுப் பார்த்துச் சொல்றதும் இதே டாப்ளர் கணக்குதான். ஆஸ்பத்திரியில கர்ப்பிணிங்க வயித்துல வச்சு குழந்தையோட துடிப்பைக் கேக்க வைக்கிறோமே, அந்தச் சின்னக் கருவியும் டாப்ளர்தான்.

டாப்ளர்ல ஒரு சிக்கல் இருக்கு: கோணம். கால் ரத்தக்குழாய்க்கு ஸ்கேன் எடுக்கும்போது ரத்தம் ஓடுற திசைக்கும் கருவிக்கும் நடுவுல இருக்கிற கோணத்தைச் சரி பண்ணாம வேகத்தைச் சொன்னா அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுத்தான் போடணும். ரேடார் கன்னும் அப்படித்தான். பந்து வர்ற கோட்டுல நேரா வச்சா சரியா காட்டும். 20 டிகிரி தள்ளி வச்சா 150-ல போன பந்து 141-னு வரும். 30 டிகிரி தள்ளினா 130. பந்து அதே பந்து, பௌலர் அதே பௌலர்.

மிஷின் மேல பாரத்தைப் போட்டுட்டு உக்காந்தா என்ன ஆகும்னு நம்ம பதிரானாவை வச்சே சொல்லலாம். 2020 ஜனவரியில 19 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, இந்தியா கூட மேட்ச். ஜெய்ஸ்வாலுக்கு அவர் போட்ட ஒரு வைடு பந்துக்கு டிவியில 175 கி.மீ.னு வந்துச்சு. உலக சாதனைன்னு ஃபார்வேர்டு பறந்துச்சு. மிஷின் கோளாறு. 2024 டிசம்பர்ல அடிலெய்டு டெஸ்ட்ல சிராஜுக்கு 181.6-னு காட்டுச்சு. அதுவும் கோளாறுதான், மீம் போட்டுச் சிரிச்சாங்க. 181-ஐ யாரும் நம்பல. ஆனா அதே மிஷின் தப்பா 152-னு காட்டியிருந்தா? ஒருத்தரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டோம். எனக்கு அந்த 152-தான் பயம்.

சரி, பழைய கணக்குக்கு வருவோம்.

இங்கிலாந்தோட ஃபிராங்க் டைசனை 1955-ல நியூசிலாந்துல வெலிங்டன்ல அளந்தாங்க. மணிக்கு 89 மைல், அதாவது 143 கி.மீ. குளிருக்கு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, உடம்பைச் சூடுபண்ணிக்காமலே போட்டேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. அப்ப அவரோட உண்மையான உச்சம் என்ன? யூகிக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது ஜெஃப் தாம்சன். 1975 டிசம்பர்ல பெர்த் மைதானத்துல வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் நடக்கும்போதே அதிவேக கேமரா வச்சுக் கணக்குப் பார்த்தாங்க. தாம்சன் 160-க்குக் கொஞ்சம் மேல, ஆண்டி ராபர்ட்ஸ் 159-க்கு மேல, ஹோல்டிங் 150, லில்லி 148. மூணு வருஷம் கழிச்சு, கெர்ரி பேக்கரோட வேர்ல்டு சீரிஸ் நாட்கள்ல, பெர்த்துலயே வேகப்பந்துப் போட்டி ஒண்ணு வச்சாங்க. அதுலயும் தாம்சன்தான் முதல். ஆனா நம்பர் 147.9. ஹோல்டிங் 141.3, இம்ரான் கான் 139.7, ராபர்ட்ஸ் 138.6, லில்லி 136.4.

அதே ஆளுங்க. மூணு வருஷத்துல எல்லாருமா சேர்ந்து 10, 20 கி.மீ. தளர்ந்து போயிட்டாங்களா? அளந்த முறை வேற. மேட்ச்சுல விக்கெட்டுக்காகப் போடுறதும், மீட்டருக்காக எட்டுப் பந்து போடுறதும் வேற. தாம்சனுக்கு மட்டும் இன்னொரு காரணம் இருக்கு. 1976 டிசம்பர்ல அடிலெய்டுல பாகிஸ்தான் கூட ஆடும்போது, கேட்ச் பிடிக்கப் போய் ஆலன் டர்னரோட மோதி வலது தோள்பட்டை போச்சு. அதுக்கப்புறம் பழைய தாம்சன் திரும்பலைன்னு பார்த்தவங்க எல்லாருமே சொல்றாங்க. பெரியவங்க 1975 நம்பரை எடுத்துக்கிறாங்க, பசங்க அடுத்த நம்பரை எடுத்துக்கிறாங்க. சண்டை முடியாததுக்கு இதுதான் காரணம்.

அக்தர் கணக்கும் இப்படித்தான். 2002-ல லாகூர்ல நியூசிலாந்துக்கு எதிரா 161-ஐத் தொட்டார்னு அறிவிச்சாங்க. அந்தக் கருவியை ஐ.சி.சி. ஏத்துக்கலை. அடுத்த வருஷம் உலகக் கோப்பையில, 2003 பிப்ரவரி 22, கேப்டவுன்ல இங்கிலாந்தோட நிக் நைட்டுக்குப் போட்ட பந்து 161.3. அது ஏட்டுல ஏறிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் அதுதான் சாதனை. பிரெட் லீ, ஷான் டெய்ட் ரெண்டு பேரும் 161.1 வரை வந்தாங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, யாரும் தாண்டலை.

இந்த இடத்துல கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வருவோம். அங்க பேஸ்பால்ல நூறு வருஷமா இதே சண்டை. 1940-ல பாப் ஃபெல்லர்னு ஒரு பிட்சர். அவர் வீசுற பந்தையும் முழு வேகத்துல வர்ற போலீஸ் மோட்டார் சைக்கிளையும் ஒண்ணா ஓட விட்டுப் பார்த்தாங்க. பந்து ஜெயிச்சுச்சு. 1974-ல நோலன் ரயனை ரேடார் வச்சு அளந்தாங்க, மணிக்கு 100.9 மைல். இன்னைக்கு 105 மைல் போடுறவர் இருக்காரு: அரோல்டிஸ் சாப்மன், 2010-ல 105.1. அப்ப ரயன் தோத்துட்டாரா? விஷயம் என்னன்னா, ரயனோட பந்தை அளந்தது அது பேட்ஸ்மேனை நெருங்கும்போது. சாப்மனோடதை அளந்தது கையை விட்ட கொஞ்ச தூரத்துல. பேஸ்பால் அந்த வழியில மணிக்கு எட்டு மைல் பக்கம் இழக்கும். அதைக் கூட்டினா ரயன் 108 பக்கம் வர்றார்னு கணக்குப் போட்டுச் சொல்றவங்க இருக்காங்க. 108-ஐ நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். ஆனா 100.9-ஐயும் 105.1-ஐயும் பக்கத்துல பக்கத்துல எழுதி அம்புக்குறி போடக்கூடாதுன்னு சத்தியம் பண்ணுவேன்.

(பேஸ்பால் 169 கி.மீ. போகுதே, கிரிக்கெட் ஏன் 161-லயே நிக்குதுன்னு கேப்பீங்க. அவங்க முழங்கையை மடக்கி எறியலாம். நம்ம ஆட்டத்துல கை நீள்றது 15 டிகிரிக்கு மேல போனா நோ-பால். பந்தும் நம்மளது கொஞ்சம் கனம்.)

இந்த "அந்தக் காலத்துல" பேச்சு எனக்கு ஓ.பி.யில தினமும் கேக்குற பேச்சு. "எங்க தாத்தா காலத்துல சுகரே இல்ல டாக்டர்." யார் அளந்தா? அதோட சர்க்கரை நோய்க்கு வெறும் வயித்துல 140-னு இருந்த எல்லைக்கோட்டை 1997-ல 126-க்கு இறக்கினாங்க. ஒரே ராத்திரியில உலகத்துல லட்சக்கணக்கான பேர் சர்க்கரை நோயாளி ஆனாங்க, ஒருத்தர் ரத்தத்துலயும் ஒரு சொட்டு மாற்றம் இல்லாம. சுகர் நிஜமாவே கூடியிருக்குங்கறது தனி விஷயம், அதுக்குன்னு இன்னொரு நாள் எழுதுறேன். அளவுகோல் மாறினதை ஒதுக்கிட்டுப் பார்த்தாத்தான் உண்மையான மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கிரிக்கெட்ல அப்படி ஒதுக்கிட்டுப் பார்த்தா எனக்குத் தெரியறது இதுதான்: உலகத்துலயே வேகமான அந்த ஒண்ணு ரெண்டு பேர் அன்னைக்கும் இன்னைக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல நிக்கிறாங்க. தாம்சனும் அக்தரும் பக்கத்து வீட்டுக்காரங்க. மாறினது அடுத்த வரிசை. 140-ஐ சாதாரணமா தொடுற ஆளுங்களோட எண்ணிக்கை.

இதை நம்ம நாட்டை வச்சுப் பாருங்க, பளிச்சுன்னு தெரியும். 1932-ல லார்ட்ஸ்ல இந்தியா ஆடின முதல் டெஸ்ட்லயே முகமது நிசார்னு ஒரு வேகப்பந்து வீச்சாளர் 93 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தாரு. லார்வுட்டை விட வேகம்னு கூட அவரைச் சொல்லுவாங்க. மீட்டர் இல்ல, அதனால சொல்றதோட சரி. 1934 நவம்பர்ல ரஞ்சிக் கோப்பையோட முதல் பந்தை சேப்பாக்கத்துல போட்டது நம்ம எம்.ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி ரெண்டுலயும் இந்தியாவுக்கு ஆடினவர். 1936-ல பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுட்டு கிரிக்கெட் அணியோட இங்கிலாந்து போனாரு, ஹாக்கி டீம் தங்கத்தோட வந்துச்சு. (இந்தக் கதையைச் சொன்னா எங்க வார்டுல எல்லாரும் "ச்சே" போடுறாங்க.) 1948-ல டெல்லியில வெஸ்ட் இண்டீஸோட 5 விக்கெட் எடுத்த சி.ஆர். ரங்காச்சாரியும் மெட்ராஸ்காரர்தான். ஆக, ஆள் இல்லாம இல்ல.

ஆனா 1970-கள்ல என்ன நிலைமை? சோல்கர் ரெண்டு ஓவர், சில டெஸ்ட்ல சுனில் கவாஸ்கரே புதுப் பந்தை எடுத்து ரெண்டு ஓவர். பந்தோட பளபளப்பு போகணும், அவ்வளவுதான். அப்புறம் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம்ம வெங்கட்ராகவன். "அந்தக் காலத்து வேகம்"னு பேசுற இந்தியப் பெரியவங்க மறந்துட்ட விஷயம் இது. நம்ம அந்தக் காலத்துல வேகமே கிடையாது! 1978-ல கபில்தேவ் வந்தாரு. அதுக்கப்புறம் நம்ம தமிழ்நாட்டு டி.ஏ. சேகர் 1983-ல பாகிஸ்தான்ல ரெண்டு டெஸ்ட் ஆடினாரு. நாட்டிலேயே வேகமானவங்கள்ல ஒருத்தர்னு அவருக்குப் பேரு. 1987-ல சென்னையில எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன், டென்னிஸ் லில்லி தலைமையில. வேகப்பந்து வீசணும்னு அங்க வந்த ஒரு மும்பைப் பையனை "நீ போய் பேட்டிங்கைப் பாரு தம்பி"ன்னு லில்லி திருப்பி அனுப்பினதும் அந்தக் காலம்தான். பையன் பேரு சச்சின். இன்னைக்கு பும்ரா, ஷமி, சிராஜ் மூணு பேரும் 140-ஐ சர்வசாதாரணமா தாண்டுறவங்க. உம்ரான் மாலிக் 2022 ஐபிஎல்ல 157-னு பதிவானாரு. மயங்க் யாதவ் 2024 ஏப்ரல்ல பெங்களூர்ல 156.7.

பயிற்சி, சாப்பாடு, ஜிம், வீடியோ எல்லாம் இவ்வளவு மாறியும் உச்சம் ஏன் 161-லயே நிக்குது? இங்கதான் டாக்டர் வேலை ஆரம்பிக்குது.

தசையை வளர்க்கலாம். ஜிம்முக்குப் போனா ஆறு மாசத்துல தெரியும். ஆனா எலும்பும் ஜவ்வும் அந்த வேகத்துக்குப் பின்னாடி ஓடி வராது. வேகமா பந்து போடுறவன் முன்னங்காலை ஓங்கி ஊணுற அந்த ஒரு கணத்துல அவனோட எடையைப் போல ஐந்து, ஆறு மடங்கு விசை தரையில இருந்து காலுக்குள்ள ஏறுது. 60 கிலோ பையன்னா 300 கிலோவுக்கு மேல. அதே நேரத்துல இடுப்பு பின்னால வளைஞ்சு, பக்கவாட்டுல சாய்ஞ்சு, திருகிக்கிட்டு இருக்கு. அந்த மொத்த பாரமும் முதுகெலும்போட கீழ்ப்பகுதியில, நாலாவது அஞ்சாவது எலும்போட பின்பக்கம் இருக்குற ஒரு மெல்லிய பாலத்து மேல இறங்குது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சா என்ன ஆகும்? அதேதான். மெல்லிசா ஒரு கோடு விடும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர். வலது கை பௌலருக்குப் பெரும்பாலும் இடது பக்கம் வரும்.

லில்லிக்கு 1973-ல இதுதான் வந்துச்சு. கட்டு போட்டுப் படுத்து, ஓடப் பழகி, ஆக்‌ஷனையே மாத்தி ஒன்றரை வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தாரு. பும்ராவுக்கு 2019-ல ஒரு தடவை, 2022-ல இன்னொரு தடவை, 2023-ல நியூசிலாந்துல ஆபரேஷன். மயங்க் யாதவ் அந்த 156.7-க்கு அப்புறம் ஆடின நாளை விட காயத்தோட உக்காந்திருந்த நாள்தான் அதிகம். அமெரிக்கா பேஸ்பால்ல முதுகுக்குப் பதிலா முழங்கை ஜவ்வு. 1974-ல ஃபிராங்க் ஜோப்னு ஒரு டாக்டர், டாமி ஜான்ங்கற பிட்சருக்கு வேற இடத்துல இருந்து தசைநாரை எடுத்து முழங்கையில வச்சுத் தைச்சாரு. ஆபரேஷனுக்கே அவர் பேரு வந்துடுச்சு. இன்னைக்குப் பள்ளிக்கூடப் பசங்களுக்கே அந்த ஆபரேஷன் நடக்குது அங்க. உச்சம் ஏறலை, அந்த உச்சத்தை முட்டிப் பார்க்கிறவங்க கூட்டம்தான் ஏறியிருக்கு. முட்டுறவங்க கூடக்கூட உடையறவங்களும் கூடுவாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஞாயித்துக்கிழமை எந்தக் காலி இடத்துலயும் டோர்னமென்ட். டென்னிஸ் பால், கார்க் பால், காசு இருந்தா லெதர் பால். பாதி இடத்துல சிமெண்ட் பிட்ச். இந்த பெல்ட்ல தைக்கிற ஷூ ஐரோப்பா வரைக்கும் போகுது, அதைத் தைக்கிற வீட்டுப் பையன் வெறுங்காலோட சிமெண்ட்ல குதிச்சு பந்து போடுறான். இதுல புதுசா சேர்ந்திருக்கிறது போன் ஆப். ஃபிரெண்டு வீடியோ எடுக்கிறான், ஆப் "137"-னு சொல்லுது, ஸ்டேட்டஸ்ல ஏறுது.

அந்த 137-ஐக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். கையில இருந்து பேட்ஸ்மேன் வரைக்கும் சுமாரா 17.7 மீட்டர். அரை செகண்டுல போனா 127 கி.மீ. சாதாரண போன் வீடியோவுல செகண்டுக்கு 30 படம், அரை செகண்டுன்னா 15 படம். எந்தப் படத்துல பந்து கையை விட்டுச்சுன்னு ஒரே ஒரு படம் மாத்தி அழுத்தினா 127-ங்கறது 137 ஆகும், இல்ல 119 ஆகும். இன்னொரு கூத்து, பிட்ச்சை யார் அளந்தா? காலடி வச்சு அளந்திருப்பீங்க. நிஜமான தூரம் 17.7-க்குப் பதிலா 15 மீட்டர்தான்னா, ஆப் 127-னு காட்டுற பந்து உண்மையில 108. சச்சரவே வேண்டாம், எல்லாரும் உம்ரான் மாலிக்தான்.

சிரிச்சுட்டு விட்டுடலாம். ஆனா அந்த 137-ஐ 140 ஆக்கணும்னு ஒரு பையன் ரெண்டு டீமுக்கு, சனி ஞாயிறு ரெண்டு நாளும், ஓவர் கணக்கே இல்லாம ஓடி வந்து போடுறான். நடு முதுகுக்குக் கீழ, ஒரு பக்கமா வலிக்குது. வீட்டுல என்ன சொல்லுவாங்க? "சூடு பிடிச்சிருக்கு", "வாயு". விளக்கெண்ணெய் தடவுவாங்க. மெடிக்கல்ல ரெண்டு வலி மாத்திரை. வலி அடங்கினதும் அடுத்த ஞாயிறு திரும்பவும் மைதானம். மூணு மாசம் இப்படி ஓட்டினதுக்கு அப்புறம் எங்ககிட்ட வர்றாங்க. பிளஸ் ஒன் படிக்கிற பையன், அப்பா தோல் ஷாப்புல வேலை, ஒரு நாள் கூலியை விட்டுட்டுக் கூட்டிட்டு வந்திருப்பாரு. எக்ஸ்ரே எடுத்தா நார்மல். "ஒண்ணுமில்லையாம்"னு சந்தோஷமா கிளம்புவாங்க. அங்கதான் நான் பிடிச்சு உக்கார வைக்கிறேன். இந்த விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. வேணும். வேலூர் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்போம்.

ஆரம்பத்துலயே பிடிச்சா பெரும்பாலும் தானா கூடிடும். மருந்து, ஆபரேஷன் எதுவும் வேண்டாம். மூணு நாலு மாசம், சில பேருக்கு அதுக்கும் மேல, பந்து போடக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். பதினாறு வயசுப் பையனை நாலு மாசம் பந்தைத் தொடாம வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அவங்க அம்மாக்களைக் கேளுங்க. விட்டுட்டா ரெண்டு பக்கமும் விரிஞ்சு, ஒரு எலும்பு இன்னொண்ணு மேல சறுக்குற நிலைமை வரைக்கும் போகலாம். நாளைக்கு ஷாப்புல பத்து மணி நேரம் நின்னு வேலை செய்ய வேண்டிய முதுகு அது.

வீட்டுல பந்து போடுற பையன் இருந்தா இதைக் கவனிங்க. வலி ரெண்டு மூணு வாரத்துக்கு மேல இருக்கா? குனிஞ்சா பரவால்ல, பின்னால வளைஞ்சா வலிக்குதா? ஒத்தைக் கால்ல நின்னு பின்னால சாயச் சொல்லுங்க, அப்ப ஒரு பக்கமா சுருக்குன்னு பிடிக்குதா? பந்து போட்டா கூடுது, ஒரு வாரம் சும்மா இருந்தா குறையுதா? இருந்தா காட்டுங்க. வலி மாத்திரை போட்டுக்கிட்டுப் பந்து போடவே கூடாது, நிறுத்துன்னு சொல்ற ஒரே ஆள் வலிதான், அதோட வாயைக் கட்டிடாதீங்க. ராத்திரி தூக்கத்துலயும் வலி, கூட சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுதுன்னா அது கிரிக்கெட் வலி இல்ல. முதுகெலும்பு டி.பி.யா கூட இருக்கலாம், அன்னைக்கே வாங்க.

டோர்னமென்ட் நடத்துற அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கிலாந்து போர்டு பல வருஷமா 14, 15 வயசுப் பிரிவுல ஆடுற வேகப்பந்துப் பசங்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர்னு எல்லை வச்சிருக்கு. பயிற்சியில போடுறதுக்கும் கணக்கு உண்டு. நம்ம மேட்ச்ல ஒருத்தனுக்கு ரெண்டு மூணு ஓவர்தானேன்னு சொல்லுவீங்க. ஒரு நாளைக்கு அஞ்சு மேட்ச் ஆடுறான் அண்ணே. கூட்டிப் பாருங்க. ஸ்கோர் எழுதுற நோட்டுல வயசும் மொத்த ஓவரும் எழுத ஒரு கட்டம் போடுங்க, காசு செலவில்ல. "வேகப்பந்து வீச்சாளர் பரிசு"ன்னு ஸ்பீடு ஆப் வச்சுக் கொடுக்கிறதை விட்டுட்டு, ஸ்டம்பை அதிகமா அடிச்சவனுக்கு அந்தக் கோப்பையைக் கொடுங்க.

நம்ம நடராஜன் சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பால்ல ஆரம்பிச்சு 2021 ஜனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட் வரைக்கும் போனது 150 போட்டு இல்ல, யார்க்கரை நினைச்ச இடத்துல இறக்கினதால. அவருக்கும் அந்த வருஷமே முழங்கால்ல ஆபரேஷன் ஆச்சுங்கறதையும் சேர்த்தே சொல்லணும். எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன்ல லில்லிக்கு அப்புறம் 2012-ல தலைமைக்கு வந்தவர் கிளென் மெக்ராத். டெஸ்ட்ல 563 விக்கெட். அவர் பந்துல பெரும்பாலானது 130-களத் தாண்டாது. வேகம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவங்க தேடிப் பிடிச்ச ஹெட்மாஸ்டர் அவர்.

"கதை இருக்கட்டும் டாக்டர், தாம்சனா அக்தரா?"ன்னு கமெண்ட்ல கேக்கப் போறீங்க. என்னைக் கேட்டா, தோள்பட்டை போறதுக்கு முன்னாடி இருந்த தாம்சன். நிரூபிக்க முடியாது, சண்டைக்கும் வர மாட்டேன்.

முதுகு வலியோட இருக்கிற பசங்க காலையில ஓ.பி. நேரத்துல வாங்க. பழைய எக்ஸ்ரே, சாப்பிட்ட மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க. போன வாரம் மொத்தம் எத்தனை ஓவர் போட்டீங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு வாங்க. ஆப்ல வந்த நம்பர் எனக்கு வேண்டாம்.